கன்ட்ரோலர் மாற்றச் சொன்னால், அதற்கு முன் இவரைப் போல ஒருவரைக் கூப்பிடுங்கள்

திருச்செங்கோடு பக்கம் இருந்து வரும் ஒரு ஒயரிங் தம்பி எங்கள் பொக்லைனுக்குச் செய்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். அவருக்குக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. பின்சீட்டைக் கழற்றிய ஒரு ஆம்னி வேன், அதில் ரேக் அடித்து அடுக்கிய கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் சொருகி), பின், ஸ்லீவ், ஒயர் சுருள்கள், ஒரு லேப்டாப், இரண்டு மல்டிமீட்டர். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே வந்து பார்க்கிறார். அவருக்குப் பெரும்பாலும் போர்வெல் ரிக் வேலைதான். பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் வேலையே முடியவில்லையாம். அதனால் ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பார்த்தார் என்பதை விரிவாக எழுதுகிறேன். உங்கள் ஊர் எலெக்ட்ரீஷியனிடமும் இதே முறையில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஒரு கிராமம். மெஷின் ஒன்றே ஒன்று. 20 டன், 2015 மாடல், மின்னணு இன்ஜின். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் எங்கள் பக்கம் பொக்லைன் என்றுதான் சொல்வோம். 2023-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரில் 9,400 மணி ஓடியிருந்தது. என் வீட்டுக்காரரே ஆபரேட்டர். டீசல், கணக்கு, வாடகை வசூல், தவணை எல்லாம் என் பொறுப்பு. பண்ணைக்குட்டை, கிணறு தூர் வாருவது, வரப்பு சமன் செய்வது என்று வேலை வரும். எங்கள் மண்ணில் நாலடி தோண்டினால் பாறை. அதனால் பாதி நாள் பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்டித்தான் ஓடும். அந்த அதிர்வு மெஷினில் இருக்கும் ஒவ்வொரு கப்ளருக்கும் போய்ச் சேர்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கோளாறு இப்படி ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். இரண்டு மணி நேரம் கழித்து டிஸ்பிளேயில் தகவல் தொடர்புப் பிழை என்று எச்சரிக்கை வரும். ரேஸ் டயலை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜின் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். பூம் என்கிற நீளக் கையைத் தூக்கினால் நோயாளி கை தூக்குவது போல மெதுவாக எழும். அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டால் திரும்பச் சரியாகிவிடும். வெள்ளக்கோவில் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வேலையில் ஒரே நாளில் ஐந்து முறை இப்படி நின்றது. தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

முதலில் ஒருவர் வந்து பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். மறுநாள் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் லேப்டாப் மாட்டினார், பிழை எண்களை அழித்தார், வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார். ஆறிப்போன வண்டி, ஓடத்தானே செய்யும்! அன்று மாலையே பழைய கதை. மறுபடி அழைத்தபோது, “பம்ப் கன்ட்ரோலர் போயிடுச்சுங்க, பழசு ஒண்ணு 85,000-க்குக் கிடைக்கும், புரோகிராம் தனி” என்றார். பம்பைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைத்தான் பம்ப் கன்ட்ரோலர் என்கிறார்கள், இன்ஜினுக்கும் அதுபோல ஒன்று உண்டு. நகையை வைத்துப் பணம் புரட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் ரிக் ஓட்டும் உறவுக்காரர் ஒருவர் இந்தத் தம்பியின் நம்பரைக் கொடுத்தார்.

என்னைக் கவர்ந்தது முதல் போன் பேச்சே. எவ்வளவு, எப்போது வர வேண்டும் என்ற பேச்சுக்கு முன்னால் கால் மணி நேரம் கேள்விதான். சூடானால் வருகிறதா, குளிரில் வருகிறதா? மழைக்குப் பிறகு அதிகமா? வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவினீர்களா? பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் யாராவது வெல்டிங் வைத்தார்களா? கேமரா, ஜிபிஎஸ், பாட்டு செட், கூடுதல் லைட் எதாவது இடையில் மாட்டியதுண்டா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு மாதம் முன்னால் பக்கெட்டுக்கு வெல்டிங் வைத்தது உண்மை, டெர்மினலைக் கழற்றவில்லை என்பதும் உண்மை. ஜிபிஎஸ் பற்றி எனக்குத் தெரியவில்லை. “இனிமே யாரு வந்தாலும் எரர் கோடை, அந்தப் பிழை எண்ணை, அழிக்க விடாதீங்கக்கா. டிஸ்பிளேயில வர்றதை அப்படியே போட்டோ எடுத்து வைங்க” என்றார். ஆறு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. போட்டோ எடுத்து வைத்தேன்.

வந்தது காலை 10 மணிக்கு. லேப்டாப்பை வேனிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட் சிஸ்டம். சும்மா இருக்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, டைனமோ சார்ஜ் ஏற்றும்போது என்று மூன்று தடவை அளந்தார். கரண்ட் தளர்ந்தால் கன்ட்ரோலர்கள் தாமாகவே மயங்கி எழும், அப்போதும் இதே எச்சரிக்கைதான் வரும் என்று காரணம் சொன்னார். அப்புறம் இன்ஜினிலிருந்து சேஸிக்கு வரும் எர்த் பட்டை, கன்ட்ரோலர்களின் ஃபியூஸ். எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்து என்னை அருகில் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை எல்லா மெஷின் முதலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். “இன்னாருகிட்ட இருந்து தகவல் வரலைன்னு ஒரு கன்ட்ரோலர் கோடு போட்டா, கோடு போட்டது உயிரோட இருக்குன்னு அர்த்தம். யாரைக் காணோம்னு சொல்லுதோ அந்தப் பக்கம்தான் தேடணும்.” நான் எடுத்து வைத்த போட்டோக்களில் பம்ப் கன்ட்ரோலர் ஒரு கோடு, டிஸ்பிளே ஒரு கோடு போட்டிருந்தன. இரண்டும் காணோம் என்று சொன்னது இன்ஜின் கன்ட்ரோலரை. அதாவது 85,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன பெட்டிதான் ஒழுங்காகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் கன்ட்ரோலரும் போகவில்லை. போயிருந்தால் இன்ஜினே ஓடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒயரில்தான் விஷயம் என்று அப்போதே அவர் கணித்துவிட்டார்.

இந்த ஒயர் வேலை செய்யும் விதத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நான் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள், அதனால் கொஞ்சம் பிடிபட்டது. இன்ஜின், பம்ப், டிஸ்பிளே மூன்றும் தனித்தனி ஒயர் இழுத்துப் பேசிக்கொள்வதில்லை. முறுக்கிய ஒரு ஜோடி ஒயரில் எல்லாமே பேசுகின்றன, எல்லாமே கேட்கின்றன. கேன் என்று பெயர். போஷ் கம்பெனி கார்களுக்காக உருவாக்கி 1986-ல் வெளியிட்ட முறை. கனரக வண்டிகளுக்கு அதன் மேல் ஜே1939 என்று ஒரு விதிமுறை வந்தது. அதில் ஒயர் நிறம்கூட வகுத்திருக்கிறார்கள். ஜோடியில் ஹை என்ற ஒயர் மஞ்சள், லோ என்ற ஒயர் பச்சை. இந்த ஜோடியின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் கையால் தட்டினால் அலை சுவரில் மோதித் திரும்பி வருமே, அதுபோல ஒயர் முனையில் சிக்னல் மோதித் திரும்பிவிடும். அதை முனையிலேயே அடக்கிவிடத்தான் அந்த ரெசிஸ்டர். சில மெஷினில் தனிக் கப்ளராகத் தொங்கும், சிலவற்றில் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும்.

120 ஓம் இரண்டு, பக்க இணைப்பில். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கணக்கு, 60 வரும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்து, கேபினில் லேப்டாப் மாட்டுவதற்கென்று இருக்கும் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஹைக்கும் லோவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். ஒன்பது பின் வட்டச் சாக்கெட்டாக இருந்தால் சி, டி என்று எழுதிய இரண்டு பின்கள். 120 காட்டினால் ஒரு முனை துண்டாகி நிற்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு ஒயரும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரண்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் வருவது பொய்க் கணக்கு என்பதையும் அழுத்திச் சொன்னார்.

வைத்தார். 60.2 காட்டியது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒயர் சரி என்றால் அப்புறம் பெட்டிதானே போயிருக்க வேண்டும்? அவர் பதறவில்லை. “வண்டி ஆறியிருக்குதுங்கக்கா. கோளாறு வரும்போது அளக்கணும். அண்ணனை வேலைக்குப் போகச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்துக்காகவே இந்த விமர்சனத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. இடையில் வேறு வேலைக்கு இரண்டு போன் வந்தது. முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். பிரேக்கர் அடித்துக்கொண்டிருந்த வண்டி 12.40-க்கு எச்சரிக்கை காட்டி இழுத்து நின்றது. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்து, பொறுத்து, மீட்டரை வைத்தார். 119.8. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு தேடல். கேபினுக்குப் பின்னால் ஒயரிங் இன்ஜின் பக்கம் போகும் இடத்தில் ஒரு பெரிய கப்ளர் இருக்கிறது. அதைக் கழற்றி இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தார். கேபின் பக்கம் 120, அந்தப் பக்கத்து ரெசிஸ்டர் நலம். இன்ஜின் பக்கமும் 120 வர வேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. ஆக, பாதி வண்டியைத் தேடும் வேலை குறைந்தது. அதோடு ஒரு புதுப் பின்னை எடுத்துக் கப்ளரின் ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பார்த்தார். பிடிமானம் தளர்ந்த துளை இருந்தால் கண்ணுக்குத் தெரியாதாம், கைக்குத்தான் தெரியுமாம். அங்கே குறை இல்லை.

இன்ஜின் பக்கத்து ஒயரிங்கை மேலிருந்து அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பம்புக்கு மேலே, ஹைட்ராலிக் ஹோஸ் உரசும் ஒரு கிளாம்புக்குப் பக்கத்தில் தொட்டதும் 120 வந்து வந்து போனது. நெளிவுக் குழாயைக் கீறிப் பார்த்தால், உள்ளே யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒயரைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிப் பிசினாகி, செம்பு பச்சை பூத்துப்போயிருந்தது. அங்கிருந்து மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டுப்பட்ட ஒயர், எதோடும் சேராமல் சேஸிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ ஜிபிஎஸ் மாட்டி, விற்கும்போது பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு கொடுத்திருக்கிறார். பம்ப் சூட்டில் ஒட்டு விரிகிறது, பிரேக்கர் அதிர்வில் விலகுகிறது, ஆறினால் திரும்பச் சேருகிறது. இரண்டு மணி நேரக் கணக்கு அதுதான். ஜே1939 விதிப்படி முதன்மை ஒயரிலிருந்து பிரியும் கிளை 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும், தொங்கிய அந்த மூன்று மீட்டரே தனியாக ஒரு தொல்லை என்றும் சொன்னார்.

ஒட்டு வேலையில் அவர் காட்டிய பொறுமை எனக்குப் பிடித்தது. கெட்டுப்போன பகுதியை முழுக்க வெட்டி எறிந்தார். புது முறுக்கு ஒயர் வைத்து, இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாகத் தள்ளி, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உருகும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். முறுக்கு அவிழாமல் கடைசி வரை கொண்டுபோனார். பக்கத்து ஒயர்களின் இரைச்சல் ஏறாமல் காப்பது அந்த முறுக்குத்தானாம். உரசிய கிளாம்பை இடம் மாற்றி, ஹோஸுக்கும் ஒயருக்கும் நடுவில் ரப்பர் வைத்தார். 60.1. பிறகு சாவி போட்டு, ஹைக்கும் எர்த்துக்கும் நடுவில் 2.7 வோல்ட், லோவுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2.3 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 5-க்குப் பக்கத்தில் வர வேண்டும், வந்தது.

லேப்டாப் வெளியே வந்தது அதற்கப்புறம்தான். இன்ஜின் சம்பந்தமாகப் பதிவாகியிருந்த எண்களில் 639 இருந்தது, பக்கத்தில் 9. ஜே1939-ல் 639 என்பது இந்தத் தகவல் பாதையையே குறிக்கும் எண், 9 என்பது தகவல் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். எழுதி வைத்துக்கொண்டு அழித்தார். வண்டியை மறுபடி பிரேக்கர் வேலைக்கு விட்டு, மாலை ஐந்து வரை இருந்து, ஒரு கோடும் திரும்ப வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கூலி, வண்டி டீசல், சாமான் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் வாங்கினார். வெட்டி எடுத்த பழைய ஒட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். வெல்டிங் விஷயத்தையும் மறக்கவில்லை. இந்தத் தடவை கோளாறு அதனால் வரவில்லை, ஆனால் இனி வெல்டிங் வைத்தால் பேட்டரி டெர்மினல் இரண்டையும், முடிந்தால் கன்ட்ரோலர் கப்ளர்களையும் கழற்றிவிட வேண்டும், எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒட்டியே போட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. ஒற்றை ஆள். பகலில் போன் எடுப்பது அபூர்வம். ஆறு நாள் காத்திருந்தது எங்களுக்குப் பெரிய இழப்பு, தவணை தேதி காத்திருக்காது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. கன்ட்ரோலர் உண்மையிலேயே போயிருந்தால் சில கம்பெனி மெஷின்களுக்குப் புரோகிராம் செய்ய அவரிடம் வசதி இல்லை, அதை வந்தவுடனே சொல்லிவிட்டார். அவர் வரும் நாளில் ஆபரேட்டரும், டீசலும், மெஷினைப் போட்டு ஓட்ட ஒரு வேலையும் தயாராக இருக்க வேண்டும். கொட்டகையில் சும்மா நிறுத்தி வைத்துக் காட்டினால் எங்கள் கோளாறு அன்றைக்கு வந்தே இருக்காது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, ஆறு நாள் காத்திருந்ததற்கும் பில் இல்லாததற்கும்.

நான்கு மாதம் ஆகிறது. மழையும் பார்த்துவிட்டது, பாறையும் பார்த்துவிட்டது, ஒரு தடவைகூட அந்த எச்சரிக்கை வரவில்லை. அவர் சொல்லி 1,150 ரூபாய்க்கு நானும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அளந்து, டீசல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் என் தம்பி ஒரு பழைய மெஷின் பார்க்கக் கரூர் பக்கம் போனான். நானும் மீட்டரோடு போனேன். பெயின்ட் புதிது, பக்கெட் பல் புதிது, ஒரு மணி நேரம் குறையில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். அணைக்கச் சொல்லி அளந்தேன். 40 ஓம். அங்கிருந்தே ஒயரிங் தம்பிக்கு மெசேஜ் போட்டேன். இரவு கூப்பிட்டார். “120 மூணு சேர்ந்தா 40 வரும்ங்கக்கா. யாரோ கோளாறு பாக்கத் தெரியாம கூடுதலா ஒரு ரெசிஸ்டர் மாட்டியிருக்காங்க. டிஸ்பிளேக்குப் பின்னாடி திறந்து பாருங்க.” மறுநாள் விற்கிறவர் முன்னாலேயே திறந்தோம். டேப் சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. கழற்றியதும் 60 வந்தது. ஆனால் வண்டி சூடானதும் அதே தகவல் தொடர்புப் பிழை எட்டிப் பார்த்தது. அதை மறைக்கத்தான் அந்த ரெசிஸ்டரா, அல்லது சரி செய்வதாக நினைத்து மாட்டியதா என்று விற்கிறவருக்கே தெரியவில்லை. கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்து கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று என் தம்பி சொல்லிவிட்டு வந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆம்னி வேன் கரூருக்குப் போகிறது.